கலைஞனும் அவன் நிழலும்



வானொலியிலே பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவனுடைய முகத்தை எவரும் பார்ப்பதில்லை. தலை நரைத்ததா, பல் விழுந்ததா, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருக்கிறானா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. குரல் மட்டுந்தான் அவனுடைய முதல். அந்தத் துணிவிலேதான் நானும் இந்தத் தொடரில் பேச ஒப்புக்கொண்டேன். ஆனால் பேச்சைப் பத்திரிகையிலும் அச்சிடப் போகிறோம் என்று எழுதியவர்கள், கடிதத்தின் கடைசி வரியில், "தங்களின் அண்மைக்காலப் புகைப்படம் ஒன்றையும் அனுப்பிவைக்கவும்" என்று கேட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரி என்னை நாலைந்து நாள் அலைக்கழித்துவிட்டது. எழுதுகிறவனுடைய முகம் வாசகருக்கு எதற்கு? தன் படத்தைத் தானே கொடுத்து அச்சிடுவிப்பது தற்பெருமையா, இல்லை தொழிலுக்கு வேண்டிய ஒரு காரியமா? யோசிக்க யோசிக்க, என் மனம் அறுபது எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய், என் தாய்மாமன் ஒருவரிடம் நின்றது. அவரைப் பற்றியும், அவரைச் சாட்டாக வைத்து இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பற்றியுமே இன்று பேசலாமென்று எண்ணுகிறேன்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கூத்தாடியவர்களுக்குப் படம் தேவைப்பட்டதில்லை. களரி ஊருக்குள்ளே. ஆடுகிறவனும் பார்க்கிறவனும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். இராசா வேடம் போட்டவனை, "உவன் இன்னாற்றை மகன்" என்று கிழவிகள் களரிக்கு வெளியேயிருந்து சொல்லிவிடுவார்கள். அறிந்த முகத்துக்கு விளம்பரம் எதற்கு?

நிலைமை மாறியது, நாடகம் ஊரைத் தாண்டியபோது. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல்கடந்து வந்து கொட்டகை போட்டு ஆடின. ரிக்கற் வாங்கி உள்ளே போகவேண்டிய நாடகத்துக்கு நோட்டீசு வேண்டியிருந்தது. சென்னையில் 1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் 1911இல் தம் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். படித்தவர்களும் மேடையேறலாம் என்ற எண்ணத்தை அந்த வருகை இங்கே விதைத்தது. 1913இல் லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் கலையரசு க. சொர்ணலிங்கம். தம் மேடை வாழ்வை அவரே 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலாக 1968இல் எழுதிவைத்தார். அந்தத் தலைப்பில் உள்ள 'நானும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கலைஞன் தன்னையும் சேர்த்தே கலையின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது வெட்கப்பட வேண்டிய காரியமன்று.

சபா நாடகங்களுக்குப் பக்கத்திலே, இசை நாடகம் என்று நாம் இன்று சொல்லும் கலை ஊரூராய் வளர்ந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேற்றியதை நேயர்களிற் பலர் கண்ணாலே கண்டிருப்பீர்கள். அவரைப்போலப் பேரெடுக்காமல், ஆனால் அதே பாட்டுகளைப் பாடி, அதே கோயில் வீதிகளில் விடிய விடிய ஆடியவர்கள் அநேகர். என் மாமனும் அவர்களுள் ஒருவர். அவர் பெண்வேடக்காரர். சந்திரமதியாக வந்து, பாம்பு தீண்டிய மகனை மடியிற் கிடத்திப் பாடினால், கச்சான் விற்கிற ஆச்சியும் கடகத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைப்பாள்.

1957ஆம் ஆண்டென்று நினைக்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். வடமராட்சிப் பக்கத்துக் கோயிலொன்றில் ஆட அவருக்கு அழைப்பு வந்தது. நோட்டீசில் தன் படம் போடவேண்டுமென்று மாமன் பிடிவாதம் பிடித்தார். என் அம்மா அவருக்கு மூத்தவர். வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, உன்ரை மூஞ்சையைப் பாக்கவே சனம் வரப்போகுது? பாட்டைக் கேக்கத்தானே வருங்கள்."

"அக்கா, எங்கடை சனத்துக்கு என்னைத் தெரியும். அங்காலைச் சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

இந்த ஒரு பதிலுக்குள்ளே எல்லாம் அடங்கியிருந்தது என்று இப்போது தெரிகிறது. படம் அந்நியருக்காக. தன்னை அறியாத மனிதரிடத்தில் கலைஞன் முன்கூட்டி அனுப்பும் தூது அது.

ஆனால் அந்தக் காலத்தில் படம் போடுவது இலேசான வேலையன்று. முதலில் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்கவேண்டும். பிறகு அதைப் 'புளொக்' ஆக்கவேண்டும். மெல்லிய வலைபோன்ற திரையினூடாகப் படத்தைத் திரும்பப் படம்பிடித்து, சிறு சிறு புள்ளிகளாகத் துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரித்தெடுத்து, மரக்கட்டையில் ஆணியடித்துத் தருவார்கள். அச்சுக்கோத்த எழுத்துகளோடு சேர்த்து அந்தக் கட்டையையும் யந்திரத்தில் ஏற்றுவார்கள். நோட்டீசு முழுவதற்கும் ஆகும் செலவைவிடப் புளொக்குக்கு ஆகும் செலவு கூட. மாமனிடம் இருந்த காசு ஒரே ஒரு புளொக்குக்குத்தான் போதும்.

எந்தப் படத்தைப் போடுவது? சந்திரமதி வேடத்தில் ஒன்றா? வேடமில்லாமல் ஒன்றா? குழுவில் எல்லாருமே வேடப் படத்தைத்தான் சொன்னார்கள். மாமன் மறுத்துவிட்டார். "சந்திரமதியை உலகமே அறியும். என்னை ஆரறிவார்?" என்றாராம்.

அப்படியே, வேட்டி கட்டி, சால்வையைத் தோளிலே போட்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து படம் எடுத்தார்.

நேயர்களே, இந்த இடத்தில் நான் சற்று நிறுத்த வேண்டும். கதிரையும் சால்வையும் உங்களிற் சிலருக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். எங்கள் ஊரில் அக்காலத்தில் அவை சாதாரணமல்ல. எங்கள் பகுதியார் பெரியவர்கள் வீட்டு முற்றத்தில் சால்வையை அரையில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியவர்கள். கதிரையைக் காண்போம், அதில் இருக்கமாட்டோம். பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டுமென்று 1930ஐ அண்டிய ஆண்டுகளில் குடாநாட்டில் பெரிய போராட்டமே நடந்தது. பொது இடங்களில் சாதியைச் சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்ததும் அந்த 1957ஆம் ஆண்டிலேதான். சட்டம் கொழும்பிலே நிறைவேறியது. ஊருக்கு வந்துசேர அதற்கு வெகுகாலம் பிடித்தது. ஆனால் ஸ்ரூடியோக்காரர் காசு தந்த எல்லாரையும் ஒரே கதிரையில்தான் இருத்தினார். மாமன் தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பிறர் பார்க்கக் கதிரையில் இருந்தது அந்தப் படத்திலேதான்.

நோட்டீசு ஒட்டப்பட்டது. எங்கள் ஊர்ச் சந்தியில் ஒட்டியது மறுநாட் காலை கிழிந்து கிடந்தது. பாட்டைக் கேட்கக் கூடுகிற அதே ஊர்தான், அந்தப் படத்தைப் பொறுக்கவில்லை. பெண்வேடம் போட்டு அழுதால் கைதட்டுவார்கள், ஆண்பிள்ளையாய்க் கதிரையில் இருந்தால் கிழிப்பார்கள். வடமராட்சியிலோ வேறு அனுபவம். நோட்டீசிற் கண்ட மீசைக்கார ஆண்பிள்ளையை மேடையிலே தேடிய சனம், அவர்தான் அந்தச் சந்திரமதி என்று அறிந்தபோது வாயைப் பிளந்தது என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள். மீசையை ஆட்டத்துக்கு முதல்நாள் எடுத்திருந்தார். படத்துக்கும் வேடத்துக்கும் இடையிலிருந்த தூரந்தான் அவருடைய கலை. அதை அளந்து காட்டியது அந்தப் புளொக்.

இனி, கொஞ்சம் உலகத்தைப் பார்ப்போம். புகைப்படக் கலை உலகறிய வெளிப்பட்டது 1839இல், பாரிசில். 1854இல் திஸ்தேரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அதன்பின் முகம் மலிவாயிற்று. நடிகர், பாடகர், எழுத்தாளர் எல்லாருடைய முகங்களும் சீட்டுகளாகக் கடைகளில் விற்கப்பட்டன.

அமெரிக்கக் கவிஞர் வோல்ற் விற்மன் 1855இல் தம் முதற் கவிதை நூலைத் தாமே வெளியிட்டபோது, தலைப்புப் பக்கத்தில் தம் பெயரைப் போடவில்லை. எதிர்ப்பக்கத்தில் தம் உருவத்தை மட்டும் போட்டார். கழுத்துத் திறந்த சட்டை, தலையிலே தொப்பி, இடுப்பிலே ஒரு கை. கவிஞரென்றால் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத்தான் இருக்கவேண்டுமென்ற அக்கால வழக்கத்துக்கு, உழைப்பாளியின் உடையிலே நின்று அவர் பதில் சொன்னார். என் மாமன் சால்வையைத் தோளிற் போட்டார். விற்மன் கோட்டைக் கழற்றினார். இரண்டும் ஒரே காரியந்தான்.

அதே நாட்டில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றுப் பெரும் மேடைப் பேச்சாளராக விளங்கிய சொஜேர்னர் துரூத் என்ற கறுப்பினப் பெண்மணி, 1860களில் தம் படச் சீட்டுகளைக் கூட்டங்களில் விற்றுச் செலவுக்குப் பணம் தேடினார். நிழலை விற்று நிசத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற கருத்தை அந்தச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார். ஒரு காலத்தில் அவருடைய உடலையே பிறர் விலைக்கு விற்றார்கள். இப்போது தம் நிழலைத் தாமே விற்றார், விலையும் தாமே குறித்தார். தமிழில் நாம் 'நிழற்படம்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் ஆழம் எனக்கு அந்த அம்மையாரின் கதையைப் படித்தபோதுதான் பிடிபட்டது.

ஆனால் நிழலுக்குச் சொந்தக்காரர் யார் என்ற வழக்கும் விரைவிலே வந்தது. ஒஸ்கார் வைல்ட் 1882இல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றப் போனபோது நியூயோர்க்கில் சரோனி என்பவர் அவரைப் படமெடுத்தார். அந்தப் படத்தை இன்னொரு நிறுவனம் அனுமதியின்றி அச்சடித்தது. 1884இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், படத்துக்கு ஆக்கியோன் உண்டு, அவர் படமெடுத்தவரே என்று தீர்ப்பளித்தது. முகம் வைல்டுடையது, படம் சரோனியுடையது! தன்னைப் படமெடுக்கக் கொடுக்கும் கலைஞன் தன்னில் ஒரு பங்கைக் கைமாற்றியே தீரவேண்டும்.

நம் தமிழுலகத்துக்கு வருவோம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ரி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். மேலங்கி அணிந்தார். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்குச் சமமாக மேடையில் அமர்ந்து வாசித்தார். சட்டையில்லாமல் நின்று வாசிக்கவேண்டியவர் என்று கருதப்பட்ட ஒரு கலைஞர், பதக்கங்கள் மார்பில் மின்ன நமக்கு முன்னே படத்தில் நிற்கிறார். அளவெட்டியிலும் இணுவிலிலும் நாதஸ்வரமும் தவிலும் குலவித்தையாக விளங்கிய நம் மண்ணில், அந்த நிமிர்வின் பொருள் என்ன என்பதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

பாரதியாரின் கதை மறுபக்கத்தைக் காட்டுகிறது. அவருடைய உண்மையான புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் இன்று தலைப்பாகையும் மீசையுமாக இரண்டு கோடு கிழித்தாலே பாரதி என்று குழந்தையும் சொல்லும். முகம் அவ்வளவு பிரபலம். பள்ளிப் பாடத்துக்கு அப்பால் அவருடைய கவிதையை வாசித்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், நாற்புறமும் மௌனந்தான் வரும். நிழல் நிசத்தைக் காப்பதும் உண்டு, நிழல் நிசத்தை விழுங்குவதும் உண்டு. படம் போட அஞ்சுகிறவர்களின் அச்சம் இதுதான் என்றால், அது நியாயமான அச்சம்.

இந்த அச்சத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு நல்ல விடை கிடைத்தது. கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூனிலே கத்தரிக்கோல் பிடித்த டொமினிக் ஜீவா (1927–2021), 1966 ஓகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கினார். தீண்டாமைக்கு எதிரான எழுச்சி ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து புறப்பட்டதும் அதே ஆண்டு ஒக்டோபரிலேதான். இந்தியச் சஞ்சிகைகளின் அட்டைகளில் சினிமா நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில், மல்லிகையின் அட்டைக்கு ஈழத்து எழுத்தாளரின், கலைஞரின் முகம் வந்தது. வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக நம்மூர் வாத்தியார் ஒருவர், நம்மூர் நாடகக்காரர் ஒருவர். அதைத் தொங்கவிட்டால் எந்தக் கடைக்காரனுக்கு வியாபாரம் நடக்கும்? ஜீவா தாமே கையிலெடுத்துத் தெருத்தெருவாக நடந்து விற்றார். ஏறத்தாழ நானூறு இதழ்கள், 2012 வரை.

அதிலே நான் கண்ட நுட்பம் ஒன்று. அட்டையிலே முகம் இருந்தால், உள்ளே அந்த மனிதரைப் பற்றி இன்னொருவர் எழுதிய கட்டுரை இருக்கும். 'அட்டைப்பட ஓவியங்கள்', 'மல்லிகை முகங்கள்' என்று அந்தக் கட்டுரைகள் பின்னர் நூல்களாகவும் வந்தன. முகத்தைக் கண்டவன் பக்கத்தைத் திருப்பினால் வேலையைக் காண்பான். வெறும் முகத்தைக் காட்டி அவனை அனுப்பிவிடுவதில்லை. தன் படத்தைத் தானே தூக்கிக்கொண்டு திரிய வெட்கப்படும் கலைஞனுக்காக, இன்னொரு கலைஞன் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். விளம்பரத்துக்கும் மரியாதைக்கும் இடையிலுள்ள வேறுபாடு எதுவென்று என்னைக் கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

பின்பு வந்த காலத்தை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. முகம் என்பதன் பொருளே நம் மண்ணில் மாறிப்போயிற்று. படமென்றால் அடையாள அட்டையிலுள்ள படம், சோதனைச்சாவடியில் நம் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற படம். மதிலிலே இளம் முகமொன்று ஒட்டப்பட்டிருந்தால், எந்தக் கலைநிகழ்ச்சி என்று எவரும் கேட்பதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்போம். அந்தச் சூழலில் கவிஞர் சிவரமணி, 1991 மே மாதத்தில், இருபத்து மூன்று வயதுகூட நிறையாத நிலையில் தன் வாழ்வை முடித்துக்கொள்ளுமுன், தன் கைவசமிருந்த கவிதைகளை எரித்தார். பிறரிடம் எஞ்சியவையே பின்பு நூலாயின. தன் பெயரைப் பரப்ப விரும்பியவர்களின் வரலாற்றைப் பேசும்போது, தன் சுவடே வேண்டாமென்று போன ஒருவரையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கலைஞனுடைய முகத்துக்கு உலகம் உரிமை கொண்டாடுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

அந்தத் தலைமுறையின் குழந்தைகள் உலகமெங்கும் சிதறினார்கள். லண்டனிலே 1975இல் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திலே கழித்து, மீண்டும் அகதியாக லண்டனுக்குப் போய் நுண்கலை பயின்ற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகியானார். 2010இல் வெளிவந்த 'மாயா' இசைத்தொகுப்பின் அட்டையிலே அவருடைய முகம் இருக்கிறது, ஆனால் தெரியாது! கணினித் திரையிலே ஒளிப்படம் ஓடும்போது அடியிலே நகருமே கோடு, அதுபோன்ற கோடுகளால் முகத்தை மூடிக் கண்களை மட்டும் விட்டிருக்கிறார். என்னைப் பாருங்கள் என்றும், நீங்கள் பார்ப்பது என்னையல்ல என்றும் ஒரே படத்திலே சொல்ல முடிந்திருக்கிறது. வேடத்தை விட்டு முகத்தைக் காட்டிய என் மாமனுக்கும், முகத்தைக் காட்டிக்கொண்டே மறைத்த இந்தப் பிள்ளைக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தூரம். கேள்வி மட்டும் ஒன்றுதான்: என் முகத்தை உலகம் எப்படிப் பார்க்க வேண்டுமென்று தீர்மானிப்பவர் யார்?

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஸ்ரூடியோ இருக்கிறது. புளொக்குக்குக் காசு தேடவேண்டியதில்லை. கவிதை நாலு வரி, படம் நாற்பது என்று இளையவர்கள் போடுகிறார்கள் என்று என் வயதுக்காரர் குறைப்படுகிறார்கள். நான் குறைப்படமாட்டேன். கதிரையில் இருக்க ஆசைப்பட்டவரின் மருமகன் நான். ஒன்று மட்டும் அவர்களிடம் கேட்பேன். படத்தைப் பார்த்து வருகிறவனுக்கு உள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

மாமனின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் 1983இல் காலமானார். சட்டம் போட்டு வீட்டுச் சுவரிலே தொங்கிய அந்தப் படம், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது சுவரிலேயே நின்றுவிட்டது. அம்மா சமையற் பாத்திரங்களை எடுத்தார், தம்பியை எடுக்க மறந்தார். திரும்பி வந்தபோது சுவரும் இல்லை. அவருடைய முகம் எனக்கே மங்கத் தொடங்கியது.

2003ஆம் ஆண்டளவில், சமாதான காலத்தில், பழைய அச்சுக்கூடமொன்றை மூடப்போவதாக அதன் முதலாளி சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தேன். எலிப்புழுக்கை நிறைந்த லாச்சியிலே பழைய புளொக்குகள் குவியலாகக் கிடந்தன. சுவாமி படங்கள், பற்பொடி விளம்பரம், கல்யாணக் கை கூப்பல். அவற்றுக்கு நடுவே, மை கறுத்து, ஆணி துருப்பிடித்து, ஒரு சிறிய கட்டை. வெளிச்சத்திலே சரித்துப் பிடித்தேன். கதிரை தெரிந்தது. சால்வை மற்றத் தோளிலே கிடந்தது. புளொக்கிலே எல்லாமே இடம்வலமாகத்தானே இருக்கும்! முதலாளி மை தடவி, ஒரு கடதாசியை வைத்து அழுத்தி எடுத்துத் தந்தார். சால்வை சரியான தோளுக்கு வந்தது. மாமன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

காகிதம் கிழிபட்டது, படம் தொலைந்தது, பாட்டு காற்றோடு போயிற்று. தற்பெருமை என்று வீட்டாரே ஏசிய அந்த விளம்பரக் கட்டைதான் எஞ்சியது. அது இல்லாவிட்டால், அப்படியொரு சந்திரமதி இந்த மண்ணிலே அழுதாள் என்று நான் உங்களிடம் சொல்ல என்ன சான்று?

கடிதத்துக்கு என்ன பதில் எழுதினேன் என்று கேட்பீர்கள். படம் அனுப்பியிருக்கிறேன். கதிரையிலே இருக்கிறேன், சால்வை தோளிலே கிடக்கிறது. எடுத்தவன் என் பேரன். பக்கத்து மேசையிலே அந்தப் புளொக்கையும் வைத்துத்தான் எடுக்கச் சொன்னேன். அச்சிலே அது சிறிதாகத்தான் தெரியும். கரியமரத் துண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.